சர்க்கரை தின்கிற இடம்

என் தலைக்குள் ஒரு புள்ளி இருந்தது. அது உயிரோடு இருக்கிறதா, செத்துப்போய்விட்டதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 2007 வாக்கில் நான் பட்ட பயம் அத்தனையும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

அதற்கு முந்தைய வருடம் இடது காதுக்கு மேலே மண்டையைத் திறந்து ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். பேச்சு வருகிற இடத்துக்கு ரொம்பப் பக்கம் என்பதால் முழுசாக எடுக்கவில்லை. மிச்சத்துக்கு மதுரையில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு கொடுப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பேச்சு போய்விட்டால் வீடு நிம்மதியாக இருக்கும் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். பேச்சு போகவில்லை. முடி கொட்டியது, பிறகு முளைத்தது. நானும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு திருத்தங்கலில் எங்கள் அச்சகத்துக்குப் போய் உட்கார்ந்து, பழையபடி வெடிப் பெட்டி லேபிள்களுக்குக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகக் கலர் பிரிக்க ஆரம்பித்தேன். அச்சகத்தை நடத்துவது என் கணவர். மிஷின் பக்கம் அவர், கம்ப்யூட்டர் பக்கம் நான். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் நடந்த சண்டை பூராவும் சிவப்பு ஏறிவிட்டதா, மஞ்சள் குறைந்துவிட்டதா என்பதைப் பற்றித்தான்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. மதுரை டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"கட்டி திரும்பி வந்ததாவும் இருக்கலாம்மா. கரண்ட் வச்சதுல வெந்துபோன தழும்பாவும் இருக்கலாம். ரெண்டும் பாக்குறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார்.

ஊசி போட்டு, அந்த இடத்துக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்றும் ஒரு தடவை பார்த்தார்கள். கட்டி என்றால் ரத்தம் நிறையப் போகுமாம். எனக்கு நிறையவும் இல்லை, குறைச்சலும் இல்லை. தழும்பு என்றால் சும்மா விட்டுவிடலாம். கட்டி என்றால் மறுபடி அறுக்க இடமில்லை, மறுபடி கரண்ட் வைத்தால் மூளை தாங்காது. எங்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளுக்கு யார் தலை வாரிவிடுவார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"மெட்ராஸ்ல பெட் ஸ்கேன்னு ஒண்ணு எடுக்குறாங்க" என்றார் டாக்டர். "சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசியில ஏத்துவாங்க. அதுல லேசா கதிர்வீச்சு இருக்கும். கட்டிக்கு உயிர் இருந்தா அந்தச் சர்க்கரையைத் திங்கும். திங்குற இடம் படத்துல செவப்பா எரியுற மாதிரித் தெரியும்."

சிவப்பு தெரிந்தால் கட்டி, தெரியாவிட்டால் நல்லது. இவ்வளவுதான் எங்களுக்குப் புரிந்தது. எங்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான் என்பது அவருக்குத் தெரியவில்லை.

சென்னையில் அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மருந்து வேறு ஊரில் செய்து விமானத்தில் வர வேண்டும். அன்றைக்குப் பார்த்து விமானம் தாமதம். செய்த நிமிஷத்திலிருந்தே அந்த மருந்தின் வீரியம் குறைந்துகொண்டே வரும், ரொம்ப நேரமானால் ஒன்றுக்கும் ஆகாது என்று அங்கே வேலை பார்த்த பெண் சொன்னாள். என் கணவருக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது. "கலந்த மருந்தை வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல, அது மாதிரி" என்றார். எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் கலந்த வெடிமருந்தை அன்றன்றைக்கே கட்டி முடித்துவிடுவார்கள், ராத்திரிக்கு வைத்திருந்தால் அதுவாகவே பற்றிக்கொள்ளும். அவர் ஏதோ ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த மாதிரி ஒன்றைத்தான் எனக்குள் ஏற்றப் போகிறார்கள்.

மருந்து வந்ததும் என்னை ஒரு சின்ன அறைக்குள் படுக்க வைத்தார்கள். கனமான உலோகப் பெட்டிக்குள்ளிருந்து ஊசியை எடுத்தார் ஒருவர். போட்டார். போட்ட கையோடு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். நாரணாபுரம் பக்கப் பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து அறைக்குள் போய்விட்டு வருகிற ஆட்களின் நடை அது. ஓடக் கூடாது, ஆனால் உள்ளே நிற்கவும் கூடாது. என்னை விட்டு ஒரு மனுஷன் அப்படிப் போனதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

விளக்கைக் குறைத்தார்கள். பேசக் கூடாது, படிக்கக் கூடாது, அசையக் கூடாது என்று அந்தப் பெண் கதவிலிருந்தே சொன்னாள்.

"யோசிக்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "யோசிங்க. அதை நாங்க எப்படிம்மா நிறுத்துறது?"

ஆனால் நான் நிறுத்தப் பார்த்தேன். எதை நினைத்தாலும் அந்தச் சர்க்கரை அங்கே போய்ச் சேர்ந்துவிடும், கட்டிக்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். மனசுக்குள் குர்ஆன் ஓத ஆரம்பித்தேன். தெரிந்த சூராவே நடுவில் அறுந்து அறுந்து போனது. முன்பெல்லாம் இப்படி மறக்குமா, இப்போதுதான் மறக்கிறதா என்று அடுத்த பயம் வந்தது. அப்புறம் என்னை மிஷினுக்குள் தள்ளினார்கள், வெளியே எடுத்தார்கள். இன்றைக்குச் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் போக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சாயந்திரம் படங்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்து திங்கட்கிழமை மதுரை டாக்டருக்கே ஃபேக்ஸ் பண்ணிவிடுவார்களாம். படத்தை நீங்கள் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்றார்கள். யாரிடம் சொல்கிறார்கள்? கலர் தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பார்க்காதே என்றால் அச்சகக்காரன் கேட்பானா? என் கணவர் வாசலுக்குப் போய், வெயில் விழுகிற இடத்தில் நின்று, புரூஃப் பார்க்கிற மாதிரியே கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

நானும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

வரிசை வரிசையாக என் தலை. எல்லாத் தலையும் சிவப்பு. ஓரம் பூராவும் சிவப்பு, உள்ளே மஞ்சள், நடு மத்தியில் இரண்டு பக்கமும் திட்டுத் திட்டாக மறுபடி சிவப்பு. நெற்றிப் பக்கம், பிடரிப் பக்கம், வலது, இடது என்று பாக்கியே இல்லை. அறுத்த இடம், அந்தப் புள்ளி இருந்த இடம் மட்டும் கருநீலமாக, சத்தமில்லாமல் இருந்தது.

அவர் படத்தைக் கவருக்குள் வைத்தார். வைக்கும்போது ஒரு ஓரம் மடங்கியது. ஒரு தாள் மடங்கினாலே ஊரைக் கூட்டுகிற ஆள் அதைக் கவனிக்கவே இல்லை. "சாப்பிட்டுட்டு ரயிலுக்குப் போவமா?" என்று மட்டும் கேட்டார்.

"என்னங்க, பாத்தீகளா?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? டாக்டர் சொல்லட்டும்."

அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. கரண்ட் வைத்த இடத்தில் இருக்க முடியாமல் நோய் வெளியே தப்பி, தலை முழுக்க வீடு கட்டிக்கொண்டுவிட்டது.

சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடிவந்தாள். கதிர்வீச்சுக்குச் சொன்ன நாள் முடிந்திருந்தாலும் எனக்குப் பயம். "பக்கத்துல வராத, அங்கனயே நில்லு" என்று கத்திவிட்டேன். அவள் நடு ஹாலில் நின்றுவிட்டாள். அப்புறம் கூப்பிட்டும் அவள் வரவில்லை.

வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மத்தியானம் அச்சகத்துக்குப் போனேன். தீபாவளி சீசன், லேபிள் ஆர்டர் மலையாகக் கிடந்தது. அவர் மிஷின் பக்கம் இருந்த நேரம் பார்த்து, கவரிலிருந்து ஒரு படத்தை எடுத்து ஸ்கேனரில் வைத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றி, லேபிளைப் பிரிக்கிற மாதிரியே நாலு கலராகப் பிரித்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், பயந்துபோன ஆளுக்குக் கை என்ன வேலை பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். தையல்காரியாக இருந்தால் பிரித்துத் தைத்திருப்பேன்.

சிவப்புக்கான கலரைத் தனியாக வைத்தபோது திரை முழுவதும் என் தலை அடைத்துக்கொண்டு நின்றது. மஞ்சளைத் தனியாக வைத்தேன், அப்போதும் அப்படியே. ஆனால் மஞ்சளில் இடது பக்கம் அந்த ஒரு இடம் மட்டும் கழுவி விட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. அங்கே ஒரு புள்ளி மை இல்லை. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல் நுனி அளவு இடம். என்னில் நோய் தொடாத இடம் இனி இதுதான் என்று நினைத்தேன். என்னை அறியாமல் இடது காதுக்கு மேலே உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் வெளியே டமார் என்று ஒரு சத்தம். மேற்கே, தூரத்தில். எங்கள் ஊரில் ஒரு சத்தம் கேட்டால் எல்லோரும் அப்படியே நிற்பார்கள். அத்தோடு நின்றுவிட்டால் சும்மா சோதனைக்கு வெடித்தது. அடுத்தடுத்துக் கேட்டால் ஆலை போகிறது என்று அர்த்தம். மிஷினை நிறுத்தினார்கள். ஆட்கள் மாடிக்கு ஓடிப் புகை தெரிகிறதா என்று பார்த்தார்கள். பக்கத்து அச்சகத்தில் ஒரு பெண், அவள் வீட்டுக்காரருக்குப் பட்டாசு ஆலையில் வேலை, தெருவில் வந்து நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சத்தம் கேட்கவில்லை. மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் மட்டும் உட்கார்ந்த இடத்தில் அடுத்த சத்தத்துக்குக் காத்துக்கொண்டே இருந்தேன்.

அவர் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அன்றைக்கு நான் முடித்து வைத்திருந்த லேபிளில் சிவப்பு தாறுமாறாக ஏறியிருந்தது, எனக்கே தெரிந்தது. "நல்லாத்தான் இருக்கு, அச்சுக்குப் பிளேட் போட்டுரலாம்" என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் என் சிவப்பை ஒரே பார்வையில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. என் உசிரைப் பற்றிய பயம் எனக்கு முழுசாக வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியக்காரத்தனம் பிடித்தது. எது நினைத்தாலும், நினைப்பது நானா நோயா என்று தெரியவில்லை. குழம்புக்குப் புளி அதிகம் என்று தோன்றும். உடனே, இது யாருக்குத் தோன்றுகிறது என்று தோன்றும். என் அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்ப்பேன். இதையும் அதுதான் காட்டுகிறதோ என்று சந்தேகமாக இருக்கும். தலை முழுக்க அது உட்கார்ந்துகொண்டு, என் குரலில் என்னிடமே பேசுகிறது என்றால் நான் எங்கே போய் நிற்பது? கருநீலமாக இருந்த அந்த விரல் நுனி இடத்தில்தான் நிற்க வேண்டும். அங்கே போய் நின்றுகொள்வதாக நினைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகரிலிருந்து என் அக்கா வந்தாள். எங்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்போம். மச்சான் அங்கே மிளகாய் வத்தல் வியாபாரம். என் கணவர்தான் போன் பண்ணி வரச்சொல்லியிருக்கிறார். அடுப்படியில் இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசினார்கள். எங்கள் வீட்டில் தணிந்த குரலில் பேசினால் வாசல்வரை கேட்கும்.

"அம்புட்டும் செவப்பா இருக்கு லாத்தா. தலை பூராவும் பரவிருச்சு. இனி ஆளை அடையாளம் தெரியாமக்கூடப் போயிரும்போல."

"யா அல்லாஹ்... பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். அவ இதையெல்லாம் பாக்க வேணாம்."

லாத்தா வந்து என் தலையில் ஓதி ஊதினாள். மகளுக்குப் பள்ளிக்கூடப் பை, இரண்டு செட் துணி எடுத்துக்கொண்டாள். மகள் அழவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்த தெரியாத ஆளைப் பார்ப்பார்களே, அப்படி.

திங்கட்கிழமை மதுரையில் டாக்டர் ஃபேக்ஸ் தாளைப் படித்தார். அப்புறம் எங்கள் கவரைப் பிரித்துப் படத்தை மாட்டினார். "நல்ல சேதிதான்மா" என்றார்.

என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, மறைக்காமச் சொல்லுங்க. நாங்க படத்தப் பாத்துட்டோம்."

"பாத்தீங்கன்னா சந்தோஷமாத்தானே இருக்கணும்?"

"அம்புட்டும் செவப்பா இருக்கே ஐயா!"

டாக்டருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்ககிட்ட நான் பாதியத்தான் சொல்லிருக்கேன்" என்றார். "கட்டி மட்டுமா சர்க்கரை திங்கும்? மூளையே சர்க்கரையிலதான் ஓடுது. உடம்புல வேற எந்த இடத்தையும் விட அதுக்குத்தான் தீனி அதிகம். இந்தச் செவப்பெல்லாம் நோயில்லம்மா. இதுதான் நீங்க. பேசுறது, பாக்குறது, பயப்படுறது, எல்லாம் இதுதான்." பேனாவின் பின்முனையை அந்தக் கருநீல இடத்தில் வைத்தார். "கட்டியா தழும்பான்னு கேட்டோமே, அது இந்த இடம். இது திங்கல. செத்துப்போன தழும்பு."

என் கணவர் பெஞ்சில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இரண்டு ராத்திரி நான் போய் ஒண்டிக்கொண்டிருந்தது செத்த இடத்தில். எதைப் பார்த்து நடுங்கினேனோ அது நான். எதைக் கையால் பொத்திக் காப்பாற்றினேனோ அது பிணம். சந்தோஷம் வருவதற்கு முன்னால் இந்தப் பயம்தான் வந்தது.

"இனி வராதா?" என்று கேட்டேன்.

"அதை நான் சொல்ல முடியாது. எடுத்த அன்னைக்கு அது திங்கல. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

திரும்பும் வழியில் விருதுநகரில் இறங்கி லாத்தா வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் லாத்தா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள், மச்சான் பிரியாணிக்கு ஆள் அனுப்பினார். மகள் மட்டும் உள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் கையை நீட்டினேன். வரவில்லை. அடுப்படியில் பேசியதை எல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். அம்மா தலைக்குள் அம்மா இல்லை, வேறு என்னவோ இருக்கிறது என்று அந்தப் பிள்ளை ஒரு நாள் முழுக்கத் தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். நான் பயந்த அதே பயம்.

"அம்மாதான்டி. வா" என்றேன்.

"எனக்கு எந்த டீச்சரைப் பிடிக்காது, சொல்லு" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

"கணக்கு டீச்சர்."

"மழைக்கு நனைஞ்சு போச்சுன்னு உங்கிட்ட பொய் சொன்னேன்ல, அது எந்த நோட்டு?"

"இங்கிலீஷ் நோட்டு. நீதான் தண்ணிய ஊத்துன. எனக்கு அன்னைக்கே தெரியும்."

பிறகு கேட்டாள். "நேத்து ராத்திரி நான் என்ன கனவு கண்டேன்?"

தேடினேன். நிஜமாகவே தேடினேன். தலைக்குள் எல்லாப் பக்கமும் துழாவிப் பார்த்தேன், ஒன்றுமே கிடைக்கவில்லை. போச்சு, ஒரு இடம் இருண்டுவிட்டது, மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை என்று நினைத்தேன். கடைசியில் சொன்னேன், "தெரியலடி... அது எனக்கு எப்படித் தெரியும்?"

கதவு திறந்தது. "தெரியும்னு சொல்லிருந்தா அது நீ இல்லன்னு வந்துருக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்து, என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.